கண்ணுக்குத் தெரியாத சுங்கச்சாவடி

கோரிமேட்டைக் கடந்து செல்வோரே, ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள்! ஒரு காலத்திலே இங்கே எல்லை இருந்தது. இப்பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அப்பக்கம் இந்திய ஆட்சி. பேசும் மொழி ஒன்று, உழும் மண் ஒன்று. ஆயினும் மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் கடக்க முடியாது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று, சாவடியும் சாய்ந்தது.

சாய்ந்தது சரி, ஒழிந்ததா? இல்லை, தோழர்களே! கடலுக்கு அப்பால், ஏட்டையும் முத்திரையையும் ஏந்திக்கொண்டு அது இன்றும் வீற்றிருக்கிறது.

நம் உழவர்கரையின் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஓர் இளைஞன் சிறு கருவி ஒன்றைச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வயலில் மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிரம்பிற்றா என்று கம்பியின்றி வீட்டுக்குச் செய்தி சொல்லும் கருவி. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், குறைந்த ஆற்றலில் இயங்கும் இத்தகைய கருவிக்குத் தனி உரிமம் தேவையில்லை. வகை ஒப்புதல் போதும். அதைக் கடல் கடந்து விற்க விழைகிறான் அவன். திரை உயர்கிறது; காட்சி தொடங்குகிறது.

அமெரிக்க வாயிலோன் சொல்கிறான்: "உன் அலைவரிசை இங்கே ஆகாது. 902 முதல் 928 வரை மாற்றிக்கொண்டு வா! எங்கள் ஆணையம் ஏற்ற ஆய்வகத்தில் சோதனை செய், சான்று பெறு, அடையாள எண்ணைப் பொறி, பிறகு பேசு!"

ஐரோப்பிய வாயிலோன் சொல்கிறான்: "அலைவரிசை பொருந்துகிறது. எங்கள் தரநிலைகளின்படி செய்திருந்தால் நீயே உறுதிமொழி தந்து சி.இ. முத்திரை பொறிக்கலாம். ஆனால் சோதனை ஏடுகளைப் பத்தாண்டு காத்து வை! இணையத்தோடு பேசும் கருவியா? அப்படியாயின் 2025 ஆகஸ்ட் முதல் நாள் தொட்டு இணையப் பாதுகாப்பையும் மெய்ப்பித்தாக வேண்டும்!"

ஜப்பானிய வாயிலோனோ, "எங்கள் முத்திரை வேறு" என்கிறான்.

சோதனையே கூடாது என்பதா என் வாதம்? அன்று! அடங்காத கருவியொன்று அண்டை அலைவரிசையில் புகுந்தால் விமானியின் பேச்சு குலையும். ஆம்புலன்சுக்குப் போகும் அழைப்பு அறுபடும். தரங்கெட்ட மின்கலம் வீட்டையே கொளுத்தும். சோதனை மக்களுக்குக் காவல். ஒரு நாட்டில் தேறியதை மறு நாட்டில் மறுபடியும் தேறச் சொல்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். பெரு நிறுவனத்துக்கு இந்தச் செலவு இலட்சக்கணக்கான கருவிகளிலே கரைந்துபோகும். சிறு பட்டறைக்காரனுக்கோ முதல் நூறு கருவிகளின் தலையிலே முழுவதும் ஏறும். யானைக்கும் பூனைக்கும் ஒரே சுங்கம். இதற்குப் பெயர் சமநீதியாம்!

செல்வ நாடுகள் தமக்குள் வழி கண்டுகொண்டன. "உன் ஆய்வகத்தின் ஏட்டை நான் ஏற்கிறேன், என் ஏட்டை நீ ஏற்றுக்கொள்" என்று 1998 இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒப்பந்தம் செய்தன. 2007 இல் அமெரிக்காவும் ஜப்பானும் கைகோத்தன. அந்தப் பந்திகளிலே நமக்கு இலை போடப்படவில்லை.

இந்தியா வாளாவிருந்ததா? இல்லை. 1885 ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் விதிகளை 2017 இல் திருத்தி, இங்கே விற்கப்படும் தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனையைக் கொண்டுவந்தது. 2019 அக்டோபர் முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. உடனே அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் தன் ஆண்டறிக்கையில் அதைத் தடை என்று குறை கூறிற்று. அவர்கள் வாயிலில் நாம் நின்றால் அது காவல். நம் வாயிலில் அவர்கள் நின்றால் அது தடையோ?

ஆனால் பதிலுக்குப் பதில் கதவடைத்து மகிழ்வது அறிவுடைமை ஆகாது. அடைத்த கதவு, திறக்கும் பேரத்துக்குப் பயன்பட வேண்டும். 2005 இல் சிங்கப்பூருடன் செய்த பொருளாதார ஒப்பந்தத்தில் தொலைத்தொடர்புக் கருவிச் சோதனையைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாடு இடம்பெற்றது. ஒரு நாட்டோடு முடிந்தது ஒன்பது நாட்டோடு முடியாதா? வணிக உடன்பாடு பேசப் புறப்படும் தில்லி அமைச்சர்களே, காருக்கும் துணிக்கும் வரி பேசுமுன் இந்தச் சிறு கருவியையும் நினைவிற் கொள்ளுங்கள்!

புதுவை அரசுக்கும் கடமை உண்டு. மின்காந்த இடையூற்றைச் சோதிக்கச் சென்னைத் தரமணியிலே சமீர் என்னும் மைய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே செல்லும் சிறு பட்டறைக்காரனின் கட்டணத்தில் பாதியையேனும் அரசு ஏற்கட்டும். முதற்கட்டச் சோதனைக்காவது உழவர்கரையிலேயே ஒரு பொதுக்கூடம் எழட்டும்.

நமக்கும் ஒன்று சொல்வேன். நம் ஏட்டை உலகம் நம்ப வேண்டுமானால், தேறாத கருவிக்குத் தேறிற்று என்று எழுதும் கை நம்மிடையே ஒன்றுகூட இருத்தல் ஆகாது. ஒரு பொய்ச் சான்று, ஓராயிரம் மெய்ச் சான்றுகளின் மதிப்பைக் கெடுக்கும்.

படித்த நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்! அவர்கள் செய்யும் பொருள் உழவர்கரையிலிருந்தே உலகுக்குப் போக வழி செய்யுங்கள். மண்ணிலே நின்ற சாவடியை அன்று சாய்த்தோம். ஏட்டிலே நிற்கும் சாவடியையும் சாய்ப்போம். நேர்மையான சோதனை என்னும் காவலை மட்டும் விட்டுவைப்போம்!