ஜூனியர் கப் ஜெயிச்ச பசங்க எல்லாம் எங்க போனாங்க?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம், வேற ஒண்ணும் இல்லை. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருக்கு, அதுக்கு நாட்டாமையா என்னை உட்கார வெச்சுட்டாங்க. வாயால பேசித் தீர்க்க முடியலை, எழுதியாவது பார்ப்போமேன்னு வந்தேன்.

தங்கச்சி பையன் பத்தாவது எழுதிட்டு இருக்கான். ஆறாவதுலேர்ந்து ஹாக்கி ஸ்டிக்கும் கையுமா திரியற பய. தெற்கே ஒரு விளையாட்டு விடுதியில பதினொண்ணாவதுக்கு இடம் கிடைக்கற மாதிரி இருக்கு. அவங்கப்பாவுக்குச் சுத்தமா இஷ்டம் இல்லை. "ஹாக்கி சோறு போடுமா மச்சான்? நீங்களே சொல்லுங்க"ன்னு பொறுப்பை என் தலையில கட்டிட்டாரு மாப்ள. பையனோட வாதம் ஒரே வரி: "மாமா, ஜூனியர் வேர்ல்டு கப் மட்டும் ஆடிட்டா லைஃப் செட்டில்."

இந்த ஒரு வரி எந்த அளவுக்கு உண்மைன்னு யோசிச்சதுதான் இந்தப் பதிவு.

அவனுக்கு அந்த எண்ணம் எங்கேர்ந்து வந்ததுன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதுல எனக்கும் பங்கு உண்டு. 2025 நவம்பர் 28லேர்ந்து டிசம்பர் 10 வரைக்கும் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை நம்ம சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சு இல்லையா, அதுக்கு இவனைக் கூட்டிட்டுப் போனதே நான்தான். பல்லாவரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினா எழும்பூர், அங்கேர்ந்து பொடிநடையா மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். கடைசி நாள் புதன்கிழமை. வெண்கலத்துக்கான ஆட்டத்துல அர்ஜென்டினாகிட்ட 0-2ன்னு பின்தங்கி நிக்கறோம். எனக்கு முன்வரிசையில சிலபேர் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பவே ஆரம்பிச்சுட்டாங்க. கடைசிக் கால் மணி நேர ஆட்டத்துல நாலு கோல்! 4-2. பக்கத்துல இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் இறுதி ஆட்டத்துல ஜெர்மனி ஷூட்அவுட்ல ஸ்பெயினைத் தோற்கடிச்சு எட்டாவது தடவையா கப்பைத் தூக்கினதைப் பார்த்துட்டு, ராத்திரி ட்ரெயின்ல வீட்டுக்கு வந்தோம். வழி பூரா பய ஒரு வார்த்தை பேசலை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தான். கிண்டி தாண்டும்போதுதான் வாயைத் திறந்தான்: "மாமா, இவங்கள்லாம் என்னைவிட அஞ்சு வயசுதான் பெரியவங்க."

அன்னிக்கே எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஜூனியர் கப் ஆடினவங்க பின்னாடி என்ன ஆனாங்க?

முதல்ல 2001. ஆஸ்திரேலியாவுல ஹோபார்ட். இந்தியா முதல் முறையா ஜூனியர் உலகக் கோப்பையை ஜெயிச்சது அங்கதான். இறுதி ஆட்டத்துல அர்ஜென்டினாவை 6-1ன்னு புரட்டி எடுத்தாங்க. ககன் அஜித் சிங் கேப்டன். தீபக் தாக்கூர், ஜுக்ராஜ் சிங், ராஜ்பால் சிங்னு ஒரு பட்டாளம். 'இந்திய ஹாக்கி திரும்ப எழுந்திருச்சிருச்சு'ன்னு பேப்பர்காரங்க எழுதினாங்க, நாமும் நம்பினோம். நான் அப்ப வேலைக்குச் சேர்ந்த புதுசு, டீக்கடையில நின்னு இதைப் பத்தி வாய் கிழியப் பேசியிருக்கேன்.

நடந்தது என்ன? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஏழாவது இடம். ஹோபார்ட்ல கப் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ரஜிந்தர் சிங்கை அந்த ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரம் முன்னாடி தூக்கிட்டு, ஜெர்மன்காரர் ஒருத்தரைக் கொண்டுவந்து உட்கார வெச்சாங்க. ககன் அஜித் நல்லாவே ஆடினாரு, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா 2008 மார்ச்ல சிலி நாட்டு சாண்டியாகோவுல பிரிட்டன்கிட்ட 0-2 தோத்து, 1928க்கு அப்புறம் முதல் தடவையா இந்தியா ஒலிம்பிக்ஸுக்கே போகலை. ஹோபார்ட்ல கப் தூக்கின பசங்களுக்கு அப்ப இருபத்தஞ்சு, இருபத்தேழு வயசு இருக்கும். ஹாக்கியில ஒருத்தன் உச்சத்துல இருக்கவேண்டிய வயசு அது!

அந்தப் பட்டாளத்துல என் மனசை விட்டுப் போகாதவர் ஜுக்ராஜ் சிங்தான். பெனால்டி கார்னர்னா இவர் ஸ்டிக்கைப் பார்த்து எதிரணி கோல்கீப்பர் பயந்த காலம். 2003 செப்டம்பர்ல கார் விபத்து. வயசு இருபதோ என்னமோ. உயிர் பிழைச்சதே பெருசு, அதுக்கப்புறம் பழைய ஜுக்ராஜாத் திரும்பி வர முடியலை. அதே மாசம் கோலாலம்பூர்ல இந்தியா முதல் தடவையா ஆசியக் கோப்பை ஜெயிச்சுது, அவர் இல்லாம. பஞ்சாப் போலீஸ்ல வேலை இருந்துச்சு, பின்னாடி பயிற்சியாளராவும் ஆனாரு. இதுல நான் அடிக்கோடு போடறது அந்தப் போலீஸ் வேலைக்கு. அது இல்லாத வீட்டுப் பையனா இருந்திருந்தா?

அடுத்து வர்றதுதான் எனக்கு ரொம்ப வேடிக்கையான கணக்கு.

2013ல டெல்லியில ஜூனியர் உலகக் கோப்பை. சொந்த ஊர், சொந்த ஜனம். இந்தியா பத்தாவது இடம். பதினாறு அணியில பத்தாவது! அந்த அணிக்குக் கேப்டன் மன்பிரீத் சிங். 2016ல லக்னோவுல அடுத்தது. இந்த முறை பெல்ஜியத்தை 2-1ன்னு அடிச்சு நாமதான் சாம்பியன். அந்த அணிக்குக் கேப்டன் ஹர்ஜீத் சிங், லாரி ஓட்டுநரோட பையன்.

இதுல யார் பின்னாடி பெரிய ஆளாகியிருப்பாங்கன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி டோக்கியோவுல ஜெர்மனியை 5-4ன்னு ஜெயிச்சு 41 வருஷம் கழிச்சு ஒலிம்பிக்ஸ் பதக்கம் வாங்கின அணிக்குக் கேப்டன் யாரு? பத்தாவது இடம் வந்த மன்பிரீத். லக்னோ சாம்பியன் அணியிலேர்ந்து ஹர்மன்பிரீத், மன்தீப், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த், சிம்ரன்ஜீத்னு ஏழு பேர் டோக்கியோவுல இருந்தாங்க. சிம்ரன்ஜீத் அந்த வெண்கல ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டாரு. ஹர்மன்பிரீத் 2024 பாரிஸ்ல கேப்டனாவே நின்னு இன்னொரு வெண்கலம் வாங்கிக் கொடுத்தாரு. ஆனா கப்பைக் கையில வாங்கின கேப்டன் ஹர்ஜீத்? ரியோ, டோக்கியோ, பாரிஸ், எதுலயும் இல்லை. அவர் கதையை 2018ல 'ஹர்ஜீதா'ன்னு பஞ்சாபியில படமா எடுத்தாங்க, அந்தப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைச்சுது. படத்துல எடுத்தாங்க, ஒலிம்பிக்ஸ் டீம்ல எடுக்கலை.

இதை மாப்ளகிட்ட சொன்னப்போ, "பார்த்தீங்களா, கேப்டனுக்கே இந்த கதி"ன்னாரு. பையன்கிட்ட சொன்னப்போ, "பார்த்தீங்களா மாமா, பதினெட்டுல ஏழு பேர் போயிருக்காங்க"ன்னான். ஒரே கணக்கு, ரெண்டு வக்கீல். நான் என்ன தீர்ப்பு சொல்றது :-)

என் கூடப் படிச்சவன் ஒருத்தன் டொரண்டோவுல இருக்கான். அவன்கிட்ட புலம்பினப்போ, "இங்க வந்து பாரு"ன்னான். அவங்க ஊர்ல ஹாக்கின்னா ஐஸ்ல ஆடறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பிச்சு புதுவருஷம் தாண்டி நடக்கற ஜூனியர் உலகப் போட்டிக்கு நம்ம ஊர் ஐ.பி.எல். மாதிரி கூட்டமாம். 1987ல செக்கோஸ்லோவாக்கியாவுல கனடா பசங்களும் சோவியத் பசங்களும் ஆட்டத்துக்கு நடுவுல கட்டிப் புரண்டு அடிச்சுக்கிட்டாங்க. விலக்க முடியாம மைதானத்து விளக்கையே அணைச்சுட்டாங்க. ரெண்டு அணியையும் போட்டியிலேர்ந்தே வெளியேத்தினாங்க. பதக்கம், கப், ஒண்ணும் கிடையாது. அந்தச் சண்டைக்காரப் பசங்கள்ல கனடாவோட ஷானஹன், சோவியத்தோட ஃபெடரோவ், கான்ஸ்டான்டினோவ் மூணு பேரும் பத்து வருஷம் கழிச்சு 1997ல ஒரே டெட்ராய்ட் அணிக்கு ஆடி ஸ்டான்லி கப் ஜெயிச்சாங்க. ஜெயிச்ச ஆறாவது நாள் கார் விபத்து. கான்ஸ்டான்டினோவ் அதுக்கப்புறம் ஆடவே இல்லை. ஜுக்ராஜ் கதை மாதிரியே இருக்குல்ல? ஒரே வித்தியாசம், அதுக்குள்ள அவருக்குக் கிடைச்சிருந்த சம்பளம். நம்ம பசங்களுக்கு அந்த மெத்தை இல்லை.

மெத்தைன்னதும் எங்க தெருப் பெரியவர் ஞாபகம் வருது. ரயில்வேயில ரிட்டயர் ஆனவர், காலையில பால் வாங்கப் போகும்போது பேசுவாரு. சின்ன வயசுல மாநில ஜூனியர் டீம் வரைக்கும் ஆடியிருக்காரு, அதுக்கு மேல போகலை. ஆனா அந்த ஸ்டிக்தான் அவருக்கு ரயில்வே வேலை வாங்கிக் கொடுத்துச்சு. "இந்தியா சட்டை கிடைக்கலை தம்பி, பென்ஷன் கிடைச்சுது"ன்னு சிரிப்பாரு. சென்னை ஹாக்கியே அப்படித்தான் வளர்ந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், ஏ.ஜி. ஆபீஸ்னு வேலை கொடுத்து ஆட வெச்ச இடங்கள். 1980 மாஸ்கோ தங்கம் வாங்கின அணியோட கேப்டன் பாஸ்கரன் நம்ம ஊர்க்காரர்தானே. "இப்பல்லாம் எங்க காலம் மாதிரி அள்ளி எடுக்கறதில்லை"ன்னும் பெரியவரே சொல்லுவாரு. அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டுல இருக்கு. ஆனா வரிசை நீளம். எல்லா விளையாட்டுக்காரங்களும் அதுலதான் நிக்கணும்.

நம்ம பக்கம் நல்ல செய்தியும் இல்லாம இல்லை. கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடினாங்க. 2023 ஆகஸ்ட்ல இதே எழும்பூர் மைதானத்துல மலேசியாவை 4-3ன்னு ஜெயிச்சு ஆசிய சாம்பியன்ஸ் டிராபி வாங்கின அணியில கார்த்தி இருந்தாரு. ஆனா 2025 ஜூனியர் கப் நம்ம மண்ணுலயே நடந்தும், இந்திய அணியில தமிழ்நாட்டுப் பையன் ஒருத்தன்கூட இல்லை. கைதட்டின ஜனத்துல பாதிப்பேருக்கு இது தெரிஞ்சிருக்குமான்னு தெரியலை. எனக்கே வீட்டுக்கு வந்து பட்டியலைத் திரும்பப் பார்த்தப்போதான் உறைச்சுது.

இன்னொண்ணு. இது 21 வயசுக்கு உட்பட்டவங்க போட்டி. முன்னாடி நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அதனால தப்பான வருஷத்துல பிறந்தவனுக்குப் பத்தொன்பது வயசுல ஒரே ஒரு வாய்ப்பு, அப்ப முழங்கால் வலின்னா முடிஞ்சது கதை. 2021லேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆக்கிட்டாங்க. பையன்கள் பக்கத்துலேர்ந்து பார்த்தா இது ரொம்ப நல்ல மாற்றம்.

சரி, என் கருத்து என்ன?

ஜூனியர் கப்பை வெச்சு ஒருத்தன் வாழ்க்கையைக் கணிக்கறது கிளி ஜோசியம் மாதிரி. கிளி எந்தச் சீட்டை எடுக்கும்னு கிளிக்கே தெரியாது. அதுக்காகப் பையனை அனுப்பாதேன்னு நான் சொல்லலை. அவனுக்கு அந்த ஆட்டம் உசிரு, அதை நான் நேர்ல பார்த்துட்டேன். என் கோபம் எல்லாம் நாம இந்தப் போட்டிகளைக் கொண்டாடற விதத்து மேல. பதக்கம் வாங்கின அன்னிக்கு மேடை, பொன்னாடை, செக். அஞ்சு வருஷம் கழிச்சு அந்த அணியில இருந்த பதினெட்டுப் பேரும் எங்க இருக்காங்கன்னு ஒரு பட்டியல் யாராவது போடறாங்களா? எத்தனை பேருக்கு வேலை இருக்கு, எத்தனை பேர் படிப்பை முடிச்சாங்க, எத்தனை பேருக்கு முட்டி போச்சு? விளையாட்டு விடுதிகளும் அப்படித்தான். "எங்க பையன் இந்தியாவுக்கு ஆடினான்"னு ஒரு போட்டோ மாட்டுவாங்க. கூடப் படுத்து எழுந்த மத்த முப்பது பேரோட கதை எந்தச் சுவத்துலயும் இருக்காது. என் மாப்ள மாதிரி ஒரு அப்பா முடிவெடுக்க வேணும்னு கேக்கறது அந்த முப்பது பேர் கதையைத்தான். அந்தக் கணக்கைக் காட்டற விடுதிக்கு நானே பையனைக் கொண்டுபோய் விடுவேன்.

கடைசியா என் தீர்ப்பு: போகட்டும். ஆனா பன்னெண்டாவது பரீட்சை எழுதியே ஆகணும். டோர்னமெண்ட் இருந்துச்சு, கேம்ப் இருந்துச்சுன்னு சாக்கு கூடாது. ஜூனியர் கப் ஆடணும்னு ஆசைப்படட்டும், ஆடினா செட்டில்னு மட்டும் நினைக்க வேண்டாம். பையன் தலையாட்டினான். பதினஞ்சு வயசுத் தலையாட்டலுக்கு எவ்வளவு மதிப்புன்னு உங்களுக்கே தெரியும்.

மாப்ள இன்னும் வாயைத் திறந்து சரின்னு சொல்லலை. ஆனா போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனவர், பழைய டிரங்குப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்காரு. எதுக்குங்கன்னு தங்கச்சி கேட்டதுக்கு, "சும்மாதான், வீட்ல ஒண்ணு இருக்கட்டுமே"ன்னாராம்.

டிஸ்கி: சமீப வருஷங்கள்ல இந்தியாவுக்கு ஆடின இன்னொரு ஜுக்ராஜ் சிங் வேற ஆளு, நான் சொன்னது ஹோபார்ட் ஜுக்ராஜை. பின்னூட்டத்துல வந்து கும்மிடாதீங்க மக்கா. விடுதியில படிச்சவங்க, பசங்களை அனுப்பினவங்க யாராவது இருந்தா உங்க அனுபவத்தை எழுதுங்க, மாப்ளகிட்ட காட்டணும்.