கிளாப் அடிக்க மறந்த இரவுகள்

கறுப்புச் சட்டைக்கு மேல் வெள்ளியாய் மினுங்கும் மேலங்கி. ஆணும் பெண்ணுமாக ஒரு பாடகர் குழு தேவாலயத்தின் நடுவழியில் பாடிக்கொண்டே நடந்து வந்து, மேடையோரம் தங்கள் இடங்களில் அமர்கிறது. சற்று நேரத்தில் அவர்களுக்கு முன்னால் வந்து நிற்கிறார் 29 வயதுப் பெண்ணொருவர். பேச்சு ஏதுமில்லை. பியானோ முன் உட்காருகிறார், பாடத் தொடங்குகிறார்.

1972 ஜனவரி 13, 14. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதியில் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயம். பாடியவர் அரீத்தா ஃபிராங்க்ளின். உடன் பாடியது ஜேம்ஸ் கிளீவ்லாந்தின் தலைமையில் சதர்ன் கலிபோர்னியா கம்யூனிட்டி குவையர். அந்த இரண்டு இரவுகளின் ஒலிப்பதிவு 'அமேசிங் கிரேஸ்' என்ற இரட்டை ஆல்பமாக அதே ஆண்டு ஜூனில் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது, கிராமி விருதும் வாங்கியது. ஆக, கேட்க விரும்பியவர்களுக்கு ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. அந்த இரவுகள் படமாகவும் பிடிக்கப்பட்டிருந்தன. அதைப் பார்க்க விரும்பியவர்கள்தான் 46 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

பாட்டுதானே, கேட்டால் போதாதா? போதாது என்பதுதான் ரசிகர்களின் கட்சி. இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் இசையில் குழு என்பது பின்னணி அல்ல. நம் பஜனை மடங்களில் முன்னே ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, சுற்றி இருப்பவர்கள் வாங்கிப் பாடுவதைப் போல, இங்கும் பாட்டு இரு பக்கமும் போய் வருகிறது. பஜனையில் வாங்கிப் பாடுபவர் பெரும்பாலும் அதே அடியைத் திருப்பிச் சொல்வார். காஸ்பல் குழு பதில் சொல்லும், தூண்டிவிடும், சில சமயம் பாடகரையே அடுத்த படிக்குத் தள்ளிவிடும். இசைத்தட்டில் இதெல்லாம் சேர்ந்து அரீத்தாவின் குரலுக்குப் பின்னால் ஒரு சுவராக நிற்கிறது. படத்தில் அந்தச் சுவர் தனித்தனி முகங்களாகப் பிரிகிறது. குழுவை நடத்தும் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கை எப்போது மேலே எழுகிறது, எந்தப் பெண் இருக்கையை விட்டு முதலில் எழுந்து நிற்கிறார், எவர் பாடுவதை மறந்து வாயில் கை வைத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் தெரிகிறது.

தலைப்புப் பாடலையே எடுத்துக்கொள்ளலாம். ஆல்பத்தில் அது 10 நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரே ஒரு சொல்லை அரீத்தா இழுத்து, வளைத்து, விட்டு, மறுபடி பிடிக்கிறார். நெருங்கிய உறவினர்போல் பழகிய கிளீவ்லாந்து பாதியில் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். பாடியே ஆக வேண்டிய குழுவினரில் பாதிப் பேர் ரசிகர்களாக மாறிவிடுகிறார்கள். தேர்ந்த பாடகர்கள் அவர்கள். அவர்களுக்கே இது கட்டுக்கடங்கவில்லை என்பதை ஒலித்தட்டு சொல்லாது.

அரீத்தாவுக்கு இது புது இடமும் அல்ல. அவருடைய தந்தை சி.எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயப் போதகர். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டாக விற்ற காலம் அது. கிளீவ்லாந்து அங்கே இசைப் பொறுப்பில் இருந்தவர். சிறுமி அரீத்தா அவரைப் பார்த்துப் பழகியவர். 1956-இல், 14 வயதில், அரீத்தாவின் முதல் ஒலிப்பதிவே தந்தையின் தேவாலயத்தில்தான் நடந்தது. பிறகு 'ரெஸ்பெக்ட்' பாடல் வந்தது, சோல் இசையின் அரசி என்ற பட்டம் வந்தது. புகழின் உச்சியில் இருந்தவர், ஸ்டுடியோவில் பின்னணிக் குரல்களைத் தனியே ஒட்டிக்கொள்ளும் வசதியை ஒதுக்கிவிட்டு, சபையார் முன்னிலையில், உயிருள்ள ஒரு குழுவோடு பாடத் தேவாலயத்துக்குத் திரும்பினார். இரண்டாம் நாள் தந்தையும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். மகள் பியானோவில் பாடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய், அவர் முகத்து வியர்வையைத் துண்டால் ஒற்றிவிடுகிறார். பாட்டு நிற்கவில்லை. படத்தில் கண்ணை விட்டு அகலாத காட்சி இதுதான். பின்வரிசையில் கைதட்டிக்கொண்டு நிற்கும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரைக்கூட இதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் படம் பிடித்தவர் சிட்னி போலாக். ஆஸ்கார் பரிந்துரை பெற்ற கதைப்பட இயக்குநர். வார்னர் நிறுவனம் அவரை அனுப்பியது. நான்கைந்து 16 மி.மீ. கேமராக்கள், சுமார் 20 மணி நேரப் படச்சுருள். ஒலிப்பதிவு ஆல்பத்துக்காகத் தனியே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுருளும் ஓடத் தொடங்கும்போது கேமரா முன் 'டக்'கென்று ஒரு கிளாப் அடித்திருந்தால் போதும். பலகை மூடும் படமும் அந்தச் சத்தமும் சேரும் இடத்தில் ஒலியையும் ஒளியையும் பொருத்திவிடலாம். சினிமா வேலையில் முதல் நாள் சேரும் பையனுக்கும் சொல்லித் தருகிற விஷயம் இது. அந்த இரண்டு இரவுகளும் கிளாப் அடிக்கப்படவில்லை.

இதன் விளைவு என்னவென்று கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் புரியும். 400 அடி கொண்ட ஒரு 16 மி.மீ. சுருள் 11 நிமிடம்தான் ஓடும். அந்தக் கணக்கில் 20 மணி நேரம் நூறு சுருள்களைத் தாண்டும். எந்தச் சுருள் எந்தப் பாட்டின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்கு அடையாளமே இல்லை. பாடகியின் வாய் தெரிந்தால் உதடசைவை வைத்து ஏதாவது செய்யலாம். முதுகு தெரிந்தால்? கூட்டத்தைக் காட்டினால்? உதடு படிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் பார்த்தார்கள். குழு நடத்துநரையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தார்கள். படம் முழுதாகத் தேறவில்லை. பெட்டிகள் கிடங்குக்குப் போயின. ரசிகர்களின் காத்திருப்பில் முதல் 35 ஆண்டுகளுக்குக் காரணம் கலைஞர் அல்ல, வழக்கும் அல்ல, கவனக்குறைவு. அரீத்தாவைப் பிடிவாதக்காரர் என்று எழுதியவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

2007-இல் ஆலன் எலியட் என்ற இசைத் தயாரிப்பாளர் உரிமையை வாங்கினார், அதற்காக வீட்டையும் அடகு வைத்தார். 2008-இல் போலாக் இறந்தார். கணினி வந்திருந்த காலம் என்பதால், முன்பு மனிதக் கண்களால் முடியாத பொருத்தம் இப்போது முடிந்தது. 2011-இல் படத்தை வெளியிட முனைந்தபோது அரீத்தா வழக்குத் தொடுத்தார். தன் உருவத்தைத் தன் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் வாதம். 2015 செப்டம்பரில் டெல்யுரைடு திரைப்பட விழாவில் திரையிட ஏற்பாடாகி, ரசிகர்கள் மலையேறிப் போய்க் காத்திருந்த நேரத்தில், அரீத்தாவின் கோரிக்கையை ஏற்று டென்வர் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் கேன் தடை விதித்தார். டொரன்டோ, சிகாகோ விழாக்களும் படத்தைக் கைவிட்டன.

அப்போது எழுந்த குரல்களில் ஒன்று இன்றும் கேட்கிறது: இது மனித குலத்தின் சொத்து, ஒருவர் மறுப்பதால் உலகம் ஏன் இழக்க வேண்டும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாடகியின் பெயரில், பாடகியின் முகத்தில், அவருடைய வியர்வையில் உருவான ஒன்றுக்கு அவரிடம் கேட்க வேண்டியதில்லை என்பதைத்தான் அந்த வாதம் நாசூக்காகச் சொல்கிறது. தங்கள் பாட்டுக்குரிய பணத்தைக் கண்ணால் பார்க்காமலே செத்துப்போன கறுப்பினக் கலைஞர்கள் அமெரிக்க இசை வரலாற்றில் ஏராளம். அரீத்தா நிகழ்ச்சிக்கான பணத்தை ரொக்கமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் மேடையேறுவார், பணம் இருக்கும் கைப்பையை மேடையிலும் கண்பார்வையில் வைத்திருப்பார் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் கைப்பையைப் புரிந்துகொண்டால் இந்த வழக்கும் புரியும். படம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதில்லை. படம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றே ஒரு பேட்டியில் சொன்னார். சிக்கல் படத்தில் இல்லை, கேட்காமல் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தில்.

ரசிகர் கேட்கலாம், ஏங்கலாம், வரிசையில் நிற்கலாம். பாடகர் 'வேண்டாம்' என்றால் அத்துடன் ரசிகரின் உரிமை முடிந்தது.

ஆனாலும் ஒரு நெருடல் மிச்சம் இருக்கிறது, அதை மறைப்பது சரியல்ல. அந்த இரண்டு இரவுகளிலும் பாடியது அரீத்தா மட்டும் அல்ல. வெள்ளி அங்கி அணிந்த குழுவினருக்கு வாழ்நாளில் அப்படியொரு மேடை மறுபடி வாய்த்திருக்குமா என்பது சந்தேகம். ஆல்பத்தின் அட்டையில் குழுவின் பெயர் இருந்தது, முகங்கள் இல்லை. படம் பெட்டிக்குள் கிடந்த ஒவ்வோர் ஆண்டும் அவர்களுடைய முகங்களும் பெட்டிக்குள்தான் கிடந்தன. கிளீவ்லாந்து 1991-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், தான் அழுததைத் திரையில் பார்க்காமலே. படத்தை வெளியிட நட்சத்திரத்தின் சம்மதம் வேண்டும் என்பதுதான் வழக்கு. குழுவினருடைய விருப்பத்தைக் கேட்க அதில் இடம் இல்லை. அரீத்தா ஜெயித்த வழக்கில் அவர்கள் கட்சிக்காரர்களே அல்ல.

2018 ஆகஸ்ட் 16-இல், 76 வயதில், டெட்ராய்ட்டில் அரீத்தா காலமானார். இறுதிச் சடங்குக்குப் பிறகு குடும்பத்தார் படத்தைப் பார்த்தார்கள், சம்மதித்தார்கள். நவம்பர் 12-இல் நியூயார்க் ஆவணப்பட விழாவில் முதல் திரையிடல் நடந்தது. இறந்தவரின் மறுப்பை வாரிசுகள் மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரிதான். குறைந்தபட்சம் இந்த முறை யாரோ ஒருவர் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, பதில் வரும்வரை வெளியே நின்றார்.

ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். அரீத்தா அதில் பேசுவது மிகக் குறைவு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிளீவ்லாந்துதான் பேசுகிறார், சிரிக்க வைக்கிறார், சபையை உசுப்பிவிடுகிறார். அரீத்தா கண்களை மூடிக்கொண்டு அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்கிறார். கேமரா அங்கிருந்து குழுவின் பக்கம் திரும்புகிறது. ஹாமில்டன் கையை உயர்த்தி நிற்கிறார். அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்க்காமல் அரீத்தாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.