பட்டாளத்தானைக் கொன்றது விதியா?

குடவாசலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், அமுதக் குடம் உடைந்தபோது அதன் வாய் விழுந்த இடம் இதுதான் என்று தலபுராணம் சொல்லுகின்றது. அமுதம் என்றால் சாகாமருந்து. சாகாமருந்தின் வாய் விழுந்த ஊரிலே வாந்திபேதியும் அம்மையும் வந்து ஜனங்கள் சாகாமல் இருந்தார்களா என்று கேட்டால், உடனே "அது அவரவர் விதி" என்று பதில் வந்துவிடும். பிழைத்தால் சாமி, செத்தால் விதி! இந்த இரண்டுக்கும் நடுவே உண்மையான காரணம் தப்பி ஓடிவிடுகின்றது என்பதே நமது குற்றச்சாட்டு.

பட்டாளத்துக்குப் போன வாலிபன் குண்டடிபட்டுச் செத்தால் வீரசுவர்க்கம் என்றும், காய்ச்சலிலோ சீதபேதியிலோ செத்தால் தலையெழுத்து என்றும் சொல்லுவது நம்மவர் வழக்கம். குண்டுக்காவது சுட்டவன் ஒருவன் உண்டு என்று ஒப்புக்கொள்ளுகிறார்கள். வியாதிக்கு மட்டும் யாரும் ஜவாப்தாரி இல்லையாம். இது சரிதானா என்பதற்கு ஒரு யுத்த சங்கதியைப் பார்ப்போம்.

முதல் உலக யுத்தத்தில், இன்றைக்கு ஈராக் என்று சொல்லப்படும் மெசபொடேமியாவில், கூட் என்னும் ஊரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் சேனையைத் துருக்கியர் முற்றுகையிட்டார்கள். 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை முற்றுகை. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உணவு தீர்ந்தது. வண்டிக் குதிரையையும் சவாரிக் குதிரையையும் அறுத்துத் தின்ன உத்தரவாயிற்று. வெள்ளைக்காரச் சிப்பாய் தின்றான். நம் நாட்டுச் சிப்பாய்களில், இந்துவும் முஸ்லிமுமாகப் பெரும்பாலோர், மதம் தடுக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். புதிய இறைச்சியும் இல்லை, காய்கறியும் இல்லை; ஸ்கர்வி பிடித்தது. ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது, பல் ஆடியது, காயம் ஆறவில்லை.

இந்தியாவிலிருந்த மதத்தலைவர்களிடம் சர்க்கார் அனுமதி வாங்கிக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிற்று. அப்போதும் பலர் ஏப்ரல் மாதம் வரை தொடவில்லை. சாமிக்குப் பயந்து மட்டுமா? ஊர் திரும்பினால் சாதியைவிட்டுத் தள்ளுவார்கள், நம் வீட்டில் சம்பந்தம் செய்யமாட்டார்கள் என்று பயந்தார்கள் என உடனிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தோழர்களே! கடல் தாண்டிப் பாலைவனத்தில் கிடந்தவனுடைய வாயைப் பூட்டிய சாவி அவன் ஊர்த் தெருவில் இருந்தது! தந்தி மூலம் தளர்த்தக்கூடிய ஒரு கட்டளை கடவுள் கட்டளையாக எப்படி இருக்கமுடியும் என்று கேட்கின்றோம்.

"மதத்துக்காக உயிரை விட்டானே, அது வீரமல்லவா?" என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வாலிபனை நாம் குறை சொல்லவில்லை. அவனுக்கு அப்படிக் கற்பித்தவர்களையும், சாதிவாரியாகவும் மதவாரியாகவும் கம்பெனி பிரித்து அந்தப் பயத்தைப் பட்டாளத்திலும் வளர்த்த சர்க்காரையுமே குறை சொல்லுகின்றோம்.

வெள்ளைக்காரனும் தப்பவில்லை. வெள்ளை மாவு ரொட்டி தின்ற அவனுக்கு பெரிபெரி வந்தது. தவிடு போகாத ஆட்டாவைத் தின்ற இந்தியனுக்கு அது அவ்வளவாக வரவில்லை. விதி என்றால் அது தவிட்டைப் பார்த்தா ஆளைத் தேடும்? தஞ்சை ஜில்லா நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கலரிசியில் அந்தச் சத்து அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்குகின்றது. தீட்டித் தீட்டி வெளுத்த பச்சரிசியில் அது போய்விடுகின்றது. ஸ்கர்விக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்து என்று 1747இலேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் சோதித்துக் காட்டினார். கூட் முற்றுகைக்கு 169 வருஷத்துக்கு முன்பே!

அந்த முற்றுகையில் வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் கல்யாண் முகர்ஜி என்னும் வங்காளி வாலிபர். ராணுவ வைத்திய இலாகாவில் காப்டன். சேனை சரணடைந்தபோது சுமார் 13,000 பேரோடு அவரும் கைதியானார். ராஸ் அல் அயின் என்னும் இடத்தில், வியாதிக்காரக் கைதிகளைக் கவனித்துவந்த அவரே காய்ச்சலில் விழுந்து 1917இல் இறந்தார். வயது முப்பத்தைந்துகூட நிரம்பவில்லை. அவருடைய பாட்டி மோட்சதா தேவி தள்ளாத வயதில் பேரனுடைய கடிதங்களைச் சேர்த்து 1928இல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அந்த அம்மாள் "விதி" என்று மூலையில் உட்கார்ந்திருந்தால் அவர் கதை நமக்குக் கிடைத்திருக்குமா?

எழுத ஆளில்லாத சிப்பாயின் கதி என்ன? மெசபொடேமியாவில் மாண்டவர்களுக்குப் பஸ்ராவில் எழுப்பிய ஞாபகச் சின்னத்தில் வெள்ளையருக்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, இந்தப் படையில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே! செத்த பிறகும் மேல் கீழ். இந்த ஏற்றத்தாழ்வு நடந்தது உண்மை என்று, அந்த வேலையை நடத்திய போர்க் கல்லறை ஆணையமே விசாரித்து 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் தாமதம். ஆனாலும் அதைக் கொண்டுவந்தது பிரார்த்தனை அல்ல, கேள்வி.

அப்படியே, மெசபொடேமியாவில் காயம்பட்டவர்களைப் படகில் குவித்து, கட்டுக்கூட மாற்றாமல் அனுப்பிய கொடுமையை 1917இல் ஒரு கமிஷன் விசாரித்து வெளியிட்டது. இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லேன் ராஜினாமாச் செய்தார். "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லியிருந்தால் எந்த மந்திரி இறங்கியிருப்பான்?

ஆகவே, பட்டாளத்திலோ பக்கத்து வீட்டிலோ ஒரு வாலிபன் வியாதியால் மாண்டான் என்று கேட்டால், ஜாதகத்தைப் புரட்டாதீர்கள். என்ன வியாதி, எதனால் வந்தது, மருந்து இருந்ததா, தாமதித்தவன் யார், சாப்பிடவேண்டியதைச் சாப்பிடாமல் தடுத்தது எது என்று கேளுங்கள். குடத்து அமுதத்தை யாரும் கண்டதில்லை. கூட் ஊரில் இல்லாமற்போன சத்து நம் நெல்லிக்காயிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கின்றது. பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள், கூடவே "ஏன்?" என்று கேட்கும் பழக்கத்தையும் கொடுங்கள்.