தேதியைத் தள்ளிவைக்கலாம், புற்றுநோயைத் தள்ளிவைக்க முடியுமா?

“ஆப்பரேஷன் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு சொல்லி அனுப்புகிறோம்.”

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஏழை மக்கள் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வார்த்தை இது. சொல்பவருக்கு ஒரு நிமிஷ வேலை. கேட்கிற பெண்ணுக்கு அது எத்தனை இரவுகளின் தூக்கம்! அவளுடைய மார்பில் வளரும் கட்டிக்கு இந்த உத்தரவு போய்ச் சேருமா? “அடுத்த தேதி வரும்வரை வளராதே” என்று அதற்கு யார் சம்மன் அனுப்புவது?

ஏற்காட்டு மலையில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு சகோதரியை நினைத்துப் பாருங்கள். கட்டி இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வலிக்கவில்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் இந்த நோயின் வஞ்சகம். வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழப்பானேன் என்று அவள் இருந்துவிடுகிறாள். பிறகு யாரோ வற்புறுத்தி சேலத்துக்கு அழைத்துப் போகிறார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். புற்றுநோய் என்கிறார்கள். தேதி கொடுக்கிறார்கள்.

அந்தத் தேதிக்காக அவள் செய்ய வேண்டிய காரியங்கள் எத்தனை! குழந்தைகளை அக்காளிடம் விட வேண்டும். ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க வேண்டும். மேஸ்திரியிடம் கெஞ்சி லீவு வாங்க வேண்டும். கைமாற்று வாங்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தால், “இன்று இல்லை அம்மா” என்கிறார்கள்.

அவள் மறுபடி மலை ஏறுகிறாள். மறுமுறை வரும்போது முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனை பழசாகிவிட்டது, மறுபடி எடு! மயக்க மருந்து டாக்டரின் சம்மதம் பழசாகிவிட்டது, மறுபடி வாங்கு! கைமாற்று மட்டும் பழசாகவில்லை. அதற்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

2020 காட்டிய உண்மை

இது யாரோ ஒருத்தியின் தலையெழுத்து என்று தள்ளிவிட முடியுமா? கணக்கைப் பார்ப்போம்.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ்கள் நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவரும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. தட்டைத் தட்டி ஓசை எழுப்பச் சொன்ன ஆட்சியாளர்கள், ஆப்பரேஷன் தேதி பறிபோன பெண்ணுக்கு என்ன சொன்னார்கள்?

நாட்டின் 41 புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் கணக்கு பின்னர் வெளிவந்தது. 2019 மார்ச் முதல் மே வரை அவற்றில் நடந்த பெரிய ஆப்பரேஷன்கள் 17,120. 2020-ல் அதே மூன்று மாதங்களில் நடந்தவை 8,677. பாதிக்குப் பாதி! புதிதாகப் பதிவு செய்துகொண்ட நோயாளிகள் 1,12,270 பேரிலிருந்து 51,760 பேராகக் குறைந்தார்கள். நோய் குறைந்துவிட்டதா? இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் வழி அடைபட்டது!

தாமதத்தின் விலை என்ன? பல நாடுகளின் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஒரு கணக்கின்படி, மார்புப் புற்றுநோய் ஆப்பரேஷன் 4 வாரம் தாமதமானால் சாவு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது. 8 வாரம் என்றால் 17 சதவீதம். 12 வாரம் என்றால் 26 சதவீதம். ஒரு வாரம் தள்ளிப்போனதுமே உயிர் போய்விடும் என்று எந்தச் சகோதரியும் பீதி கொள்ள வேண்டாம். ஆனால் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று மூன்று மாதத்தை ஓட்டுவதற்கு எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது!

யார் குற்றவாளி?

“கொள்ளை நோய் வந்தது, யார் என்ன செய்ய முடியும்?” என்று சிலர் வாதிக்கிறார்கள். கொள்ளை நோய் யாரையும் கேட்டு வரவில்லை, உண்மைதான். ஆனால் வெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவது பள்ளத்துக் குடிசையே. அந்தப் பள்ளத்தை வெட்டியது யார்?

நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சர்க்கார்கள் ஆரோக்கியத்துக்குச் செலவிடும், 2025-க்குள் அதைச் செய்து முடிப்போம் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை சத்தியம் செய்தது. 2021-22-ல், கொள்ளை நோய் நடுவில்கூட, அது 1.84 சதவீதம்தான்! ஆப்பரேஷன் அறை போதவில்லை, மயக்க மருந்து டாக்டர் போதவில்லை, நர்ஸ் போதவில்லை என்றால் அதன் மூலகாரணம் இங்கே இருக்கிறது. இரவு பகலாக உழைக்கும் டாக்டர்கள் மீதும் நர்சுகள் மீதும் நமக்குக் கோபம் இல்லை. அவர்களும் இந்தக் கஞ்சத்தனத்தின் பலிகளே.

“காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறோமே!” என்பார்கள். தமிழ்நாட்டில் 2009 முதல் அந்தத் திட்டம் உண்டு. அது மக்களுக்குக் கிடைத்த உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அட்டை கத்தி பிடிக்குமா? இழந்த கூலியை அட்டை தருமா? துணைக்கு வந்தவரின் சாப்பாட்டுக்கும், வீணாய்ப் போன பஸ் கட்டணத்துக்கும் யார் பொறுப்பு? பணம் படைத்தவருக்கு ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு உண்டு. மலைப் பெண்ணுக்கு ஒரே கதவு.

இந்த மலையின் செல்வத்தைக் கீழே இறக்குவதற்கு மட்டும் எப்போதும் வழி இருந்தது! சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இங்கே காப்பியைப் புகுத்தினார். அன்று முதல் காப்பி மூட்டைகள் இறங்கின. பின்னாளில் பாக்சைட் மண் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறங்கியது. நோயாளிப் பெண் இறங்கிப் போய் வைத்தியம் முடித்துத் திரும்புவதற்கு மட்டும் ஏன் இத்தனை தடை?

தோட்டத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்திய வசதி செய்வது முதலாளியின் கடமை என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் விழுங்கிக்கொண்டது. அதனால் முதலாளியின் கடமை செரித்துப் போய்விடவில்லை!

காத்திருக்கும் காலத்தில்

“தைரியமாக இரு” என்று உபதேசிப்பது சுலபம். தைரியத்துக்கும் கைப்பிடி வேண்டும். தேதி தள்ளிப்போன சகோதரிகள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

புதிய தேதி எது? அதை எழுதித் தாருங்கள். ஆப்பரேஷனுக்கு முன்பே கொடுக்கக்கூடிய மருந்து எனக்கு உண்டா? சிலருக்கு முதலில் கீமோ மருந்து கொடுப்பார்கள். ஹார்மோனால் வளரும் கட்டி என்றால் மாத்திரை கொடுத்து அதைக் கட்டுப்படுத்தி வைப்பதுண்டு. 2020-ல் பல நாடுகளில் டாக்டர்கள் இந்த வழியைக் கையாண்டார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் கேட்பது நோயாளியின் உரிமை. கட்டி பெரிதானாலோ, தோல் சிவந்தாலோ, புண்ணானாலோ, தேதிக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும். பச்சிலைக் கட்டு, மந்திரம் என்று ஆசை காட்டுகிறவர்களிடம் ஒரு வாரத்தைக்கூட இழக்கக் கூடாது.

கூட இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. அவளை ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்பாதீர்கள். அவளுடைய குழந்தைகளுக்கு ஒரு வேளைச் சோறு போடுங்கள். ரத்தம் கொடுக்க நான்கு பேர் முன்வாருங்கள்.

நாம் கேட்பது என்ன?

பம்பாயில் 1998-ல் தொடங்கி 20 ஆண்டுகள், ஒன்றரை லட்சம் பெண்களிடையே ஒரு பரிசோதனை நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே மார்பைச் சோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. இதைச் சேர்வராயன் மலையின் ஒவ்வொரு கிராமத்திலும், ஒவ்வொரு எஸ்டேட் லைனிலும் செய்ய முடியாதா? ஆனால் நோயைக் கண்டுபிடித்துவிட்டு ஆப்பரேஷனை மாதக்கணக்கில் தள்ளிவைத்தால் கண்டுபிடித்து என்ன பயன்?

ஆகவே நாம் கேட்கிறோம்: தள்ளிவைத்தால் காரணமும் புதிய தேதியும் எழுத்தில் வேண்டும். புற்றுநோய் ஆப்பரேஷன் நான்கு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகாதபடி விதி வேண்டும். சொந்த ஆஸ்பத்திரியில் இடமில்லை என்றால் சர்க்கார் செலவில் வேறு ஆஸ்பத்திரி காட்ட வேண்டும். நோயாளிக்கும் துணையாளுக்கும் பஸ் கட்டணமும், இழந்த கூலியும் வேண்டும். வெள்ளம் வந்தாலும் கொள்ளை நோய் வந்தாலும் மூடாத புற்றுநோய் ஆப்பரேஷன் அறை மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

இது பிச்சையல்ல. சொந்தச் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தோடு வீட்டில் முடங்கிவிடவில்லை. பாடுபட்டு 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை எழுப்பினார். ஒரு பெண்ணின் துயரம் அத்தனை செய்தது. ஒரு மலையின் துயரம், ஒரு மாவட்டத்தின் துயரம் ஒன்று சேர்ந்து குரல் கொடுத்தால் என்னதான் செய்யாது?

தேதிகள் தள்ளிப்போனது போதும். இனி ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது!