துப்பாக்கியின் மேல் பழியைப் போடாதீர்கள்

"அவனிடம் துப்பாக்கி இருந்தது, நம்மிடம் வேலும் வாளும்தான்." புலம்பெயர் தமிழர் கூட்டங்களில் பாளையக்காரர் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த வாக்கியத்தில்தான் முடிகிறது. கேட்க ஆறுதலாக இருக்கிறது. பொய்யான ஆறுதல்.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பார்ப்போம். பலரும் நினைப்பதுபோல் கும்பெனிச் சிப்பாய்கள் தூக்கித் திரிந்தது ரைஃபிள் அல்ல. குழலுக்குள் சுருள்வரி வெட்டப்படாத மஸ்கட். 'பிரவுன் பெஸ்' என்று செல்லப்பெயர். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி தெறிக்கும். பொறி சிறு கிண்ணியிலுள்ள மருந்தில் விழுந்து, துளை வழியே குழலுக்குள் தீ பாயவேண்டும். மழை பெய்தால் மருந்து நனையும். கல் தேய்ந்தால் பொறி வராது. தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். 100 கஜத்துக்கு அப்பால் நிற்பவன்மேல் குண்டு பட்டால் அது அவனுடைய கெட்ட நேரம்.

இந்தக் கருவியோடுதான் 1801 மார்ச்சில் கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையைத் தாக்கியது. ஊமைத்துரையின் ஆட்கள் நீண்ட ஈட்டிகளோடு நின்று அதை விரட்டியடித்தார்கள். கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்துசேர்ந்த பிறகு, மே மாதம்தான் கோட்டை விழுந்தது.

ஒற்றை மஸ்கட்டால் பெரிய பயனில்லை. நூற்றுக்கணக்கானவை ஒரே கட்டளையில் வெடித்தால்தான் அது ஆயுதம். அதற்கு அன்றாடப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் நம் நிலவரியிலிருந்து போனது. மருந்துக்கான வெடியுப்பைக் கும்பெனி பீகாரிலிருந்து அள்ளியது. விசையில் இருந்த விரல்களிலும் பெரும்பாலானவை இந்த மண்ணுடையவை. சென்னைப் படையில் தமிழரும் தெலுங்கரும் இருந்தார்கள். எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கும்பெனி பக்கம் நின்றன.

1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் அதே துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். சில மணி நேரம் கோட்டை அவர்கள் கையில் இருந்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அதை மீட்டார். அந்தக் குதிரைப்படையிலும் நம்மவர் இருந்தார்கள்.

நான் கணினித் துறை ஆலோசகன். ஒரு திட்டம் தோற்றால் எல்லோரும் கருவியைத்தான் குறை சொல்வார்கள் என்பதை இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். கருவி எதிர்த்துப் பேசாது. யார் சம்பளம் கொடுத்தார், யார் வாங்கினார், ஏன் வாங்கினார் என்ற கேள்விகளைக் கேட்டால்தான் அறையில் தலைகள் குனியும்.

அடுத்த முறை மேடையில் ஒருவர் "அவனிடம் துப்பாக்கி இருந்தது" என்று முழங்கினால், அதைப் பிடித்திருந்தவன் எந்த ஊர் என்று கேளுங்கள். பசியா, சாதி இழிவா, பக்கத்துப் பாளையத்தின்மேல் பகையா, எது அவனை அந்த வரிசையில் நிறுத்தியது? நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வரலாறு அதுதான்.