வைல்ட்கேட் தோட்டாவும் லாட் எண்ணும்

ஆலைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் சுருக்கியோ விரித்தோ, தோளின் சரிவை மாற்றியோ, அதற்கேற்பத் துப்பாக்கிக் குழலின் அறையையும் கடைந்து உருவாக்கப்படும் தோட்டா ‘வைல்ட்கேட்’ எனப்படுகிறது. திண்டுக்கல் பட்டறையில் அரம் கொண்டு ராவிய சாவி தன் பூட்டை மட்டுமே திறப்பதுபோல, இதுவும் தனக்கென்று கடைந்த அறையில் மட்டுமே பொருந்தும். அதன் சிறப்பும் சிக்கலும் அதுவே.

இம்முயற்சிகளை வீண் என்று தள்ளுவதற்கில்லை. .250 சாவேஜ் கூட்டிலிருந்து பிறந்த .22-250ஐ ரெமிங்டன் நிறுவனம் 1965இல் ஆலைத் தோட்டாவாக ஏற்றது; .30-06இன் வழிவந்த .25-06 அந்த இடத்தை 1969இல் பெற்றது. ஆயினும், தேறியவற்றை ஆலைகளே எடுத்துக்கொண்டுவிட்ட நிலையில், இன்று புதிதாக ஒன்றைக் கடைபவருக்குப் பெரும்பாலும் எஞ்சுவது வேகத்தில் சிறு கூடுதலும், அதற்கு ஈடாக அறை அழுத்தமும் குழல் தேய்மானமுமே ஆகும்.

இந்தியாவில் தோட்டா அளவுகளைத் திறனைவிடச் சட்டமே அதிகம் தீர்மானித்தது. .450 அளவுக்கு ஆங்கில அரசு விதித்த தடையைத் தாண்டவே .500/465 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1907இல் வந்தது; படைக்குரிய .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால், ஆஸ்திரியப் படையின் 8×50 மான்லிக்கர் தோட்டா .315 என்ற பெயரில் இங்கே நிலைபெற்றது. ஆயுதச் சட்டம் 1959இன் 5ஆம் பிரிவு, துப்பாக்கியை மாற்றியமைக்கவும் தோட்டா செய்யவும் உரிமம் கேட்கிறது. எனவே திண்டுக்கல் சமவெளியில் .315 வைத்திருப்பவருக்கு வைல்ட்கேட் ஆசை, நூலோடு நின்றுவிடும் ஆசையே.

போட்டிச் சுடுநருக்கோ அந்த வாய்ப்பே இல்லை. 50 மீட்டர் ரைபிள் பிரிவில் சுடப்படும் .22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருப்பதால், சுட்ட கூட்டை மீண்டும் நிரப்ப இயலாது. ஆனால், தனக்கேற்ற தோட்டாவைத் தேடும் கலை இங்கேதான் முழுமையாகப் பயன்படுகிறது. ஒரே பெயரில், ஒரே விலையில் வரும் இரண்டு லாட்டுகளை, அதாவது ஆலை ஒருசேரச் செய்து ஒரே எண்ணிட்ட தொகுதிகளை, குழலைப் பிடிப்பானில் இறுக்கிப் பத்துப் பத்தாகச் சுட்டால், ஒன்று ஒரே துளையாகக் குவிய, மற்றொன்றில் ஓரிரு குண்டுகள் விலகிப் போவதைக் காணலாம். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் எனும்போது, அந்த விலகல் பதக்கத்தையே மாற்றக்கூடியது. அறையைக் கடைவது பற்றி வாதிடும் நேரத்தில், சங்கங்கள் ஒன்றுகூடி லாட்டுகளைச் சோதித்து, தேர்ந்த எண்ணை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு சுடுநரின் குறிப்பேட்டிலும் புள்ளியோடு லாட் எண்ணையும் எழுதச் செய்வது மேல்.