பார்மட் செய்ய என்ன அவசரம்?

விண்டோஸ் 11 அப்டேட் ஆகும்போது கரண்ட் போனால், கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நின்றுவிடலாம். சர்வீஸ் கடைகள் பலவற்றில் உடனே சொல்வது, "பார்மட் பண்ணிடலாம் சார்." அவர்களுக்கு அது சுலபம், அவ்வளவுதான். பாதியில் நின்றவை சிஸ்டம் பைல்கள்; உங்கள் குழந்தையின் போட்டோக்கள் பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அவற்றை அழிப்பது பார்மட்தான்.

தொடர்ந்து இரண்டு முறை பூட் ஆகாவிட்டால் விண்டோஸ் தானாகவே ரெகவரி திரைக்குப் போகும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்று முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுங்கள். சரியாகாவிட்டால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டால் பதற வேண்டாம். உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் தேடிப் பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து, திறந்து காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பார்மட் செய்யட்டும்.